தோர்னியோ – ஹபரந்தா விமானம்

எங்கள் ஊரிலிருந்து ஹபரந்தாவுக்கு விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று இல்மாரி என்னைக் கேட்டான். ஒரு சனிக்கிழமை, என் வீட்டுச் சவுனா என்கிற நீராவி அறையில், மேல் பலகையில், இருவரும் பிறந்த மேனிக்கு வேர்த்துக்கொண்டிருந்தபோது.

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான மனிதன் என்ன பதில் சொல்வான் என்பது எனக்குத் தெரியும். ஹபரந்தா எங்கள் தோர்னியோவுக்கு எதிர்க்கரை. நாங்கள் பின்லாந்து, அவர்கள் சுவீடன். எங்கள் சந்தைத் திடலிலிருந்து அவர்கள் சந்தைத் திடலுக்கு இரண்டு கிலோமீட்டர். நடுவில் ஓடும் எல்லை ஒரு வாய்க்கால்தான். கோடை முற்றினால் வாத்துகள் நீந்தச் சோம்பல்பட்டு நடந்தே கடந்துவிடும். அங்கே விமான நிலையம் கிடையாது, இங்கேயும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, காய்ந்த அடுப்புக் கல்லின்மேல் இன்னொரு அகப்பை தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

"நேரம் ஆகாது," என்றேன். "மிச்சம் வரும்."

"எப்படி?"

"அவங்க கடிகாரம் நம்மளதவிட ஒரு மணி நேரம் பின்னாடிதானே? நம்ம மணிக்குப் பதினொண்ணுக்குக் கிளம்பும். அவங்க மணிக்குப் பத்துக்கு இறங்கிடும். அம்பது நிமிஷத்துக்கு மேல கையில நிக்கும்."

இல்மாரி யோசித்தான். அவன் யோசித்தால் புருவம் அசையாது. காது மட்டும் கொஞ்சம் பின்னால் போகும்.

"எங்கேர்ந்து கிளம்புது?"

"கோல்ஃப் மைதானத்துலேர்ந்து."

இது நான் அந்த நொடியில் கண்டுபிடித்தது. ஆனால் பாதி உண்மை கலந்திருந்ததால் எனக்கே பிடித்துப்போயிற்று. எங்கள் கோல்ஃப் மைதானம் இரண்டு நாட்டிலும் கிடக்கிறது. இந்த நாட்டில் நின்று அடித்தால் பந்து அந்த நாட்டில், போன மணி நேரத்தில் போய் விழும். அடிக்கிறவன் பையிலிருந்து மட்டையை எடுப்பதற்குள் பந்து அங்கே குளிர்ந்து கிடக்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் நான் சொல்வதுண்டு.

"காப்பி தருவாங்களா?"

"தருவாங்க. ஆனா நீ குடிச்சு முடிச்சப்புறம்தான் ஊத்துவாங்க. நேரம் அப்படி."

அவன் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சிரிப்பை வைத்து ரசனையை அளக்க முடியாது. நன்றாக ரசித்தவன் எழுந்து வெளியே போய்விடுவான். இல்மாரி எழுந்து வெளியே போனான். நானும் மனநிறைவோடு முதுகைத் தேய்த்துக்கொண்டேன். பிறகு உடை மாட்டும்போது, ஒரு காலைக் கால்சட்டைக் குழாயில் விட்டபடி, "பெட்டி எவ்வளவு பெருசு எடுத்துப்பாங்க?" என்று கேட்டான்.

"சின்னதா ஒண்ணு."

"சரி."

சவுனாவில் கோயிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்பே சொல்லிவிடுவார்கள். சத்தம் கூடாது, சண்டை கூடாது, பொய் கூடாது. எனக்கும் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சூட்டில் கற்பனை நன்றாக வேகும்.

இல்மாரிக்கு எண்பத்தொரு வயது. எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான். அவன் பெயரிலேயே எங்கள் மொழியில் காற்று இருக்கிறது. ஆனால் கூரைப் பனியை வழிக்க ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வான். அப்படிப்பட்டவன் விமானத்தைப் பற்றி ஏன் கேட்டான் என்று நான் ஒரு நிமிஷமாவது நினைத்திருக்க வேண்டும். அதுவும் ஹபரந்தாவுக்கு. அவனுடைய அக்கா லெம்பி இருக்கிற ஊருக்கு. அவன் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் போகாத ஊருக்கு.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். லெம்பி எதிர்க்கரைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆல்கோத் என்று பெயர், பாலத்தில் சுங்க அதிகாரி. முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. விருந்துக்கு ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி சுட வேண்டும், வெண்ணெய் வேண்டும். அந்தக் காலத்தில் வெண்ணெய் ஒரு கரையில் மலிவு, இன்னொரு கரையில் கிராக்கி. எந்தக் கரை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷம் நம் கரையில் மலிவு. தம்பிக்காரன் இல்மாரி வெண்ணெய்க் கட்டிகளைத் துணியில் சுற்றி இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொண்டு, மேலே கம்பளிக் கோட்டு மாட்டி, பாலத்தில் நடந்தான். எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அதைக் கடத்தல் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கரையில் ஒரு வேலை என்பார்கள்.

சாவடியில் ஆல்கோத் நின்றான். மைத்துனன் நடக்கிற நடையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. பிடித்தால் வழக்கு எழுத வேண்டும். எழுதினால் தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மாமன் காவலில் இருப்பான். விட்டால் பின்னால் நிற்கிற வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் அவன் இல்மாரியை உள்ளே கூப்பிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, குழந்தையின் உறக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நிறையப் பேசினான். வெண்ணெய் உருகி, இல்மாரியின் இரண்டு கால்சட்டைக் குழாய் வழியாகவும் பூட்ஸுக்குள் இறங்கி, பூட்ஸ் நிறைந்து தரையில் ஓடியது. உருகிப்போனதற்கு வரியும் இல்லை, வழக்கும் இல்லை. வரிசை முழுவதும் சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தது. நான் அந்த வரிசையில் இல்லை. ஆனால் தாங்கள் இருந்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையில் இருந்திருந்தால் அன்றைக்கே பாலம் இடிந்திருக்கும்.

இல்மாரி எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னானாம்: இந்த எல்லையை இனி நான் காலால் தாண்ட மாட்டேன், சக்கரத்தில் ஏறித் தாண்ட மாட்டேன், படகில் தாண்ட மாட்டேன், வாய்க்கால் உறைந்தாலும் பனிமேல் தாண்ட மாட்டேன். ஒரு வக்கீலைப் போல ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துப் பார்த்து அடைத்தான். பிறகு பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட வீட்டுக்குத் திரும்பி நடந்தான். ஊர் நாய்கள் அத்தனையும் பின்னாலேயே போயின.

ஆல்கோத் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தான் என்று நான் பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"இரக்கமா?" என்பான் இல்மாரி. "இரக்கம்னா அடுப்புல ஏன் இன்னொரு கட்டையைப் போட்டான்?"

லெம்பி ஒரு முறை கூடையில் ரொட்டியோடு வந்தாள். இவன் திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவள் கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ரொட்டியைத் தின்றான், கதவைத்தான் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவள் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை தொலைபேசி மட்டும், கிறிஸ்துமஸுக்கும், நாட்காட்டியில் அவன் பெயர் போட்டிருக்கிற பெயர் நாளுக்கும். இங்கே பனி பெய்யுது என்பான் இவன். இங்கேயும் பெய்யுது என்பாள் அவள். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் வானிலை சொல்லிக்கொள்வார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஆல்கோத் இறந்தான். அடக்கத்தன்று இல்மாரி நம் கரையில், வாய்க்கால் ஓரத்தில், கையில் தூண்டிலோடு நின்றிருந்தான். மீனே இல்லாத இடம். தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தான். எதிர்க்கரைத் தேவாலய மணியோசை நிற்கும்வரை நின்றுவிட்டுத் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். நான் எதிரே வந்தபோது, "ஒண்ணும் கடிக்கல," என்றான்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் சவுனாவில் உட்கார்ந்துகொண்டு விமானம் விட்டேன்.

வியாழக்கிழமை காலை முற்றத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். இல்மாரி வந்தான். கறுப்பு கோட்டு சூட்டு, கழுத்தில் டை, தலையில் தொப்பி, கையில் தோள்வார் வைத்த பழைய அட்டைப் பயணப்பெட்டி ஒன்று. முகத்தைச் சிரைத்ததில் தாடையில் இரண்டு இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"யாரு செத்தா?" என்றேன்.

"யாரும் சாகல. விமானத்துக்கு நேரமாச்சு."

வலை என் கையிலிருந்து நழுவியது.

"அக்கா நாளைக்கு மால்மோ போகுது," என்றான். "மக பக்கத்துல ஏதோ முதியோர் இல்லமாம். வீட்டை ஒழிச்சாச்சு. போன வாரம் போன் பண்ணிச்சு. பெயர் நாளும் இல்ல, கிறிஸ்துமஸும் இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இதோட சரி, இல்மாரின்னுச்சு."

மால்மோ அந்த நாட்டின் அடுத்த முனை. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும். அங்கே போக உண்மையாகவே விமானங்கள் உண்டு, மூன்று மாறிப் போக வேண்டும். ஏணியில் மூன்றாம் படியில் கண்ணை மூடுகிறவன் அதில் ஏறமாட்டான், ஏறினால் இறங்கமாட்டான்.

"நீ என்ன சொன்னே?"

"சவுனா முடிஞ்சு போய் நானே போன் பண்ணினேன். விமானத்துல வர்றேன்னேன். பத்து மணிக்கு கோல்ஃப் மைதானத்துல இறங்கும்னேன்."

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"சரி, வந்து நிக்கிறேன்னுச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் செய்கிற முதல் வேலையைச் செய்தேன், அதாவது இன்னொன்று சொன்னேன்.

"இன்னைக்குக் காத்து பலமா இருக்கே. ரத்து பண்ணியிருப்பாங்க."

"அக்கா நிக்கும்," என்றான் இல்மாரி.

வானத்தைப் பார்த்தேன். மே மாசக் கடைசி. நீலமாக, வெட்கங்கெட்ட தெளிவோடு இருந்தது. பிர்ச் மரத்து இலை ஒன்றுகூட அசையவில்லை.

"இல்மாரி," என்றேன். "விமானம் கிடையாது."

"தெரியும்."

"இல்லப்பா, நான் சும்மா கதை விட்டேன். நீ நெசமாத்தான் கேக்கறேன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுடு."

"தெரியும்ங்கறேன். எண்பத்தோரு வருஷமா இங்க இருக்கேன். எதிர்க்கரையில ஏரோப்ளேன் இறங்கினா எனக்குக் காது கேக்காதா?"

"தெரிஞ்சா அக்காகிட்ட ஏன் சொன்னே?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்துக்கொண்டான்.

"நீ இருக்குன்னு சொன்னே. எனக்கு அது போதுமா இருந்துச்சு. வர்றேன்னு சொல்லணும், வாய் வரல. நடந்து வர்றேன்னு சொன்னா, அம்பது வருஷமா ஏன்டா நடக்கலைன்னு கேக்கும். கேக்காட்டியும் அந்தக் கேள்வி அங்க இருக்கும். விமானம்னா அப்படி இல்ல பாரு. நேத்துவரைக்கும் இல்ல, இன்னைக்குத்தான் விட்டாங்க, அதான் வர்றேன்."

என் பொய்களைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அதில் ஒன்றைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு ஒருவன் என் முற்றத்தில் டை கட்டி நின்றது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தாலும் நிமிர்ந்து பார்த்திருப்பேன். நான் குனிந்து வலையை மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"வண்டியில ஏறு," என்றேன்.

"சக்கரம்."

"எல்லைவரைக்கும்தானே? விமானத்துக்குப் போறவன் வண்டியிலதான் போவான்."

அவன் அதை ஒப்புக்கொண்டான். வண்டியில் பெட்டியை மடியில் வைத்திருந்தான். அதை வாங்கிப் பின் இருக்கையில் போட்டபோது அது காற்றாய் இருந்தது.

"உள்ள என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீதானே சின்னதா ஒண்ணு எடுத்துப்பாங்கன்னே."

கோல்ஃப் மைதானத்தில், எங்கள் பக்கத்தின் மேற்குக் கோடியில், நாணல் மண்டிய வாய்க்கால், அதன்மேல் விளையாடுகிறவர்கள் நடக்க ஒரு பலகைப் பாலம். பாலத்தின் நடுவே மஞ்சள் வண்ணம் அடித்த கட்டை நிற்கும், அதுதான் எல்லை. சுங்கச் சாவடி, அதிகாரி, கேள்வி எதுவும் எந்தப் பாலத்திலும் இப்போது கிடையாது. அவையெல்லாம் போய் எத்தனையோ வருஷமாயிற்று. இல்மாரியின் சபதம் மட்டும் பணியில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் புல்லின்மேல் லெம்பி இருந்தாள். வயதானவர்கள் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற நாலு சக்கர வண்டியில் ஒரு சிறு இருக்கை இருக்குமே, அதில் உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கம்பளித் தொப்பி. இரண்டு கையையும் எதிரெதிர்ச் சட்டைக் கைக்குள் விட்டிருந்தாள். கையசைக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்மாரி பலகையின் முனைவரை போய் நின்றுவிட்டான். பூட்ஸின் நுனி பலகைக்கு ஒரு சாண் இப்பால் இருந்தது.

"கூப்பிடேன். அவங்க இந்தப் பக்கம் வரட்டும்," என்றேன்.

"அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டா? பலகை இடுக்குல சக்கரம் மாட்டிக்கும்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "ஆர்வோ, வீட்டுக்குப் போயிடலாம்."

"அவங்களைப் பார்த்தாச்சே."

"அதான் போயிடலாம்ங்கறேன்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே அறிவு மிகக் குறைந்தது அது. அதற்கு முன்னால் வந்தவற்றை நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குனிந்து கைகளை முழங்காலில் ஊன்றினேன்.

"ஏறு."

"எங்க?"

"முதுகுல."

"உனக்கு எழுபத்தாறு வயசு."

"விமானத்தோட வயசை எல்லாம் பயணி கேக்கக் கூடாது. கால் படாது. சக்கரம் இல்ல. படகு இல்ல. பனி போன மாசமே உருகிடுச்சு. பாக்கி என்ன இருக்கு?"

அவன் என் முதுகைத் தட்டிப் பார்த்தான். பிறகு தொப்பியை அழுத்திக்கொண்டு, பெட்டியை என் நெஞ்சுக்குக் குறுக்கே தொங்கவிட்டு ஏறினான். தோர்னியோவின் எடை முழுவதும் என்மேல் ஏறியது. நகராட்சிக் கட்டடத்தைச் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் பலகை, இரண்டாம் பலகை. கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. எங்களுக்கு வலப்பக்கம், மேட்டில், விளையாட வந்திருந்த இளவட்டங்கள் மூன்று பேர். அவர்களில் ஒரு பெண் அடிக்க ஓங்கிய மட்டையை அப்படியே தோளில் வைத்துக்கொண்டாள். ஒருவன் கைபேசியை எடுத்தான். எழுபத்தாறு வயதுக் கிழவன் எண்பத்தொரு வயதுக் கிழவனைக் கோட்டும் சூட்டுமாக உப்புமூட்டை சுமந்து இரண்டு நாட்டுக்கு நடுவே போவதைப் பார்த்தால் நானும் எடுத்திருப்பேன். சிரிப்பு காற்றில் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு தாராளமாக.

என் காதோடு ஒட்டியிருந்த அவன் கன்னம் சூடாவது தெரிந்தது. சவுனாக் கல்லைப் போல.

"சிரிக்கிறாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. எதிர் வெயில். கண் கூசிப் பல்லைக் காட்டுறாங்க."

 என் கழுத்தைச் சுற்றியிருந்த அவன் கைகள் இறுகின. என் முழங்கால்கள் ஆடின. ஒன்று பின்லாந்து மணிக்கும் இன்னொன்று சுவீடன் மணிக்கும் ஆடியதுபோல் இருந்தது. "மேல காத்து கொஞ்சம் குலுக்குது, பயணிகள் பயப்பட வேண்டாம்," என்றேன். எனக்கு மூச்சு முட்டியது, அதோடு அழுகையும் முட்டியது. ஏன் என்று கேட்காதீர்கள். வேடிக்கைக்காக ஒரு வாய்வார்த்தை சொன்னேன். அது இப்போது உடம்போடும் எலும்போடும் என் முதுகில் உட்கார்ந்துகொண்டு, சிரிப்பு கேட்காதமாதிரி இருக்கப் பாடுபட்டது.

எதிரே லெம்பி எழுந்துவிட்டாள். எங்களைப் பார்த்துவிட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு வந்தாள். இரண்டடி வைத்ததுமே முன்சக்கரம் பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டது. உலுக்கிப் பார்த்தாள். வரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, பிடிக்க ஒன்றும் இல்லாமல், ஒரு காலை முன்னால் வைத்தாள். அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இறக்கு," என்றான் இல்மாரி.

"எல்லை இன்னும் வரல. கட்டை அங்க இருக்கு பாரு."

"இறக்குடா ஆர்வோ."

நான் இறக்கினேன் என்று சொல்ல முடியாது. மண்டியிட்டேன், அவன் இறங்கினான். அவனுடைய பூட்ஸ் பலகையில் பட்டது. நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். ஐம்பது வருஷத்துச் சபதம் முறியப்போகிறது, ஏதாவது சத்தம் வரும் என்று நினைத்தேன். பலகை கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான்.

அவன் ஓடினான் என்றால் என்னை நம்பமாட்டீர்கள். ஆகவே வேகமாக நடந்தான் என்றே வைத்துக்கொள்வோம். மஞ்சள் கட்டையைத் தாண்டியதைக் கவனித்தானா என்றுகூடத் தெரியவில்லை. அக்காவின் முழங்கையைப் பிடித்தான்.

"அங்கேயே நிக்க வேண்டியதுதானே, அக்கா."

"நின்னேன்டா. ஒரு மணி நேரமா நிக்கிறேன்."

"பத்து மணிக்குத்தானே சொன்னேன்? இப்பத்தானே பத்து."

"உங்க பத்தா, எங்க பத்தா?"

"உங்க பத்து."

லெம்பி அவன் முகத்தைப் பார்த்தாள். குளிரில் அவள் மூக்கு சிவந்து, உதடு வெளுத்திருந்தது. புல்லின் ஈரம் செருப்பை நனைத்திருந்தது.

"எங்க பத்துன்னு ஏன்டா சொன்னே? உன் ஜென்மத்துல நீ எங்க மணியைச் சொன்னது இல்லையே. கிறிஸ்துமஸுக்குப் போன்ல ராத்திரி ஏழாச்சுக்கா, தூங்குங்கம்பே. இங்க ஆறுதான் ஆகியிருக்கும். நீ பத்துன்னா உங்க பத்துதான்னு நெனச்சு, எங்க ஒம்போதுக்கே வந்து நின்னுட்டேன்."

எங்கள் ஊர்களில் இது தினமும் நடக்கிற தப்பு. மரியாதைக்காக இவன் ஒரு மணி நேரத்தைக் கழிப்பான், மரியாதைக்காக அவளும் ஒரு மணி நேரத்தைக் கழிப்பாள். நடுவில் யாராவது ஒருவர் குளிரில் நிற்பார். பல் வைத்தியரிடம் போகிறவர்கள்கூட இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்கள். இல்மாரி மட்டும் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்தில் முதல் முறையாக அக்காவின் கடிகாரத்தைத் தன் வாயால் சொன்னவன், அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் தொலைபேசியை வைத்திருப்பான்.

அவன் கீழே பார்த்தபடி நின்றான். தாடையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கு இன்னும் அங்கேயே இருந்தது. கதவைத் திறக்காத அன்றைக்கும் அவன் முகம் திரைக்குப் பின்னால் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. இப்போது அக்கா பார்த்தாள், நான் பார்த்தேன், மேட்டிலிருந்து மூன்று பேர் கைபேசியோடு பார்த்தார்கள். அவன் மறைத்துக்கொள்ள எதுவும் செய்யவில்லை.

"விமானம் எங்கடா?" என்றாள் லெம்பி.

அவன் திரும்பி, பலகைமேல் நாலு காலில் கிடந்த என்னைக் காட்டினான்.

"இதுவா?" அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ரொம்பப் பழசால்ல இருக்கு. விழுந்துடாதா?"

"விழுந்துடுச்சுக்கா," என்றான்.

எனக்கு எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்கவும் விருப்பமில்லை. அந்த உயரம் எனக்குச் சரியாக இருந்தது.

இல்மாரி குனிந்து இடுக்கில் மாட்டிய சக்கரத்தைத் தூக்கிவிட்டான். வண்டியைப் புல்லுக்குத் திருப்பினான். அக்காவை இருக்கையில் உட்காரச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். தன் கோட்டைக் கழற்றினான். அதை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இருவரும் சும்மா நின்றார்கள். எங்கள் பக்கத்து மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தால் வெயில் காலம் முடிந்துவிடும்.

"ஆல்கோத் எங்க?" என்றான் இல்மாரி.

ஒரு நொடி லெம்பிக்குப் புரியவில்லை. இவனுக்குச் செய்தியே தெரியாதோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"அந்தக் கடைசியில. பைன் மரத்துக்குப் பின்னாடி கல்லறைத் தோட்டம். தூரம்டா. டாக்சி கூப்பிடறேன்."

"வேண்டாம்."

"ஒத்தைச் சட்டையோட நிக்கிறே. உன் முட்டி தாங்காது."

"நடந்து வர்றேன்க்கா," என்றான். "அவருகிட்ட நடந்துதான் வரணும்."

அவள் வண்டியின் ஒரு கைப்பிடியை அவனுக்கு விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி கோணல்மாணலாகப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் நின்று மூச்சு வாங்கினார்கள். மறுபடி தள்ளினார்கள்.

என் கழுத்தில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நல்ல பெண். கண்ணில் இன்னும் சிரிப்பின் தண்ணீர் இருந்தது.

"என்ன தாத்தா, ஏதாவது பந்தயமா?" என்றாள்.

என்ன நடந்தது என்று சொல்லியிருந்தால் அவள் சிரிப்பு நின்றிருக்கும். அவள் நண்பன் கைபேசியில் இருந்ததை அழித்தும் இருப்பான். ஆனால் அதைச் சொல்ல இல்மாரியைச் சொல்ல வேண்டும். பைன் மரங்களைப் பார்த்துச் சட்டையோடு போய்க்கொண்டிருந்த அந்த முதுகை அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் அந்தப் பக்கம் திரும்பாதபடி அவளுக்கு எதிரே நகர்ந்து நின்றுகொண்டேன்.

"ஆமாம்மா, பந்தயம்தான்," என்றேன். "நான் தோத்துட்டேன்."